ஒரு 'ஒன்லி' படுத்திய பாடு

இங்கிலாந்தின் லீட்ஸுக்கு நர்ஸாக வந்து மூன்றாவது வாரம். பக்கவாத வார்டில் இரவுப் பணி முடித்து, காலை ஷிஃப்ட்காரர்களிடம் ஹேண்டோவர், அதாவது நோயாளிகளின் நிலவரம் சொல்லி ஒப்படைப்பது, கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆறாம் படுக்கைத் தாத்தாவுக்கு விழுங்குவதில் சிக்கல், தண்ணீர்கூட லெவல் 2 அளவுக்கு, அதாவது லேசாக, கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். அவர் எப்போது தூங்கினார், எத்தனை முறை எழுந்தார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து கடைசியில் "ஹி இஸ் காஃபிங் நைட் ஒன்லி" என்றேன். நான் சொல்ல வந்தது, இருமல் ராத்திரிதான் ஆரம்பித்தது, புதுசு, கவனியுங்கள் என்று. அவர்களுக்குக் கேட்டதோ, ராத்திரி மட்டும் இருமுவார், பகலில் தொந்தரவில்லை என்று. தலையாட்டிவிட்டு ஏழாம் படுக்கைக்குப் போய்விட்டார்கள்.

விழுங்கச் சிரமப்படுகிறவருக்குப் புதிதாக இருமல் வந்தால், குடித்தது நுரையீரலுக்குள் போகிறதோ என்று உடனே பார்க்க வேண்டும். நல்லவேளை, பக்கத்தில் நின்ற மலையாளி சேச்சிக்கு என் 'ஒன்லி' புரிந்துவிட்டது. எல்லோரையும் நிறுத்தி, "நியூ காஃப், சின்ஸ் லாஸ்ட் நைட்" என்றார். அப்புறம் டீ குடிக்கும்போது எனக்குக் கிடைத்தது: "நீ கதை சொல்ற. இங்க முதல்ல மணி அடிக்கணும், கதை பிறகு."

மணி என்றால் 'மோஸ்ட் இம்பார்ட்டன்ட்லி', 'அபவ் ஆல்', 'இன் பர்ட்டிகுலர்' வகையறா. நமக்கு இந்த மணியெல்லாம் தேவைப்பட்டதே இல்லை. எந்தச் சொல்லை அழுத்த வேண்டுமோ அதன் வாலில் ஒரு 'தான்', இல்லை ஒரு 'ஏ': நான்தான் கொடுத்தேன், நேற்றே கொடுத்தேன், மாத்திரையைத்தான் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் தேற்றேகாரம், பிரிநிலை ஏகாரம் என்று உருப்போட்டதெல்லாம் இதுதான். ஆங்கிலத்தில் ஒட்டிக்கொள்ள அப்படி ஒரு வால் கிடையாது, குரலால் அழுத்த வேண்டும் அல்லது முன்னாலேயே ஒரு தொடரைப் போட்டு ஆளை உஷார்ப்படுத்த வேண்டும். நாமோ 'தான்' வருகிற இடத்திலெல்லாம் 'ஒன்லி'யைச் செருகிப் பழகிவிட்டோம், ஊரில் எல்லோருக்கும் அது புரிந்தும் தொலைத்தது.

'எக்காரணம் கொண்டும் கூடாது' என்பதற்கான 'அண்டர் நோ சர்கம்ஸ்டான்சஸ்' இன்னும் விசேஷம். அதை முன்னால் போட்டால் பின்னால் 'யூ ஷுட்' வராது, 'ஷுட் யூ' என்று கேள்வி மாதிரி புரண்டுகொள்ளும். முதல்முறை படித்தபோது யாரை என்ன கேட்கிறார்கள் என்று முழித்தேன்.

எல்லாத் தொடரையும் அப்படியே நம்பவும் முடியாது. விடுப்புத் தேதி விஷயமாக மேலாளர் "அட் தி எண்ட் ஆஃப் தி டே, இட்ஸ் அப் டு யூ" என்றார், 'கடைசியில் பார்த்தால் உன் இஷ்டம்தான்' என்று அர்த்தம். நான் சாயங்காலம்வரை காத்திருந்து போய்ப் பதில் சொன்னேன். 'வித் ரெஸ்பெக்ட்' என்று யாராவது தொடங்கினால் மரியாதை என்று பூரிக்க வேண்டாம், மறுத்துப் பேசப் போகிறார்.

கற்றுக்கொண்ட ஜோரில் ஒரே ஹேண்டோவரில் நாலு தடவை 'மோஸ்ட் இம்பார்ட்டன்ட்லி' அடித்தேன். "இதில் எதும்மா முக்கியம்?" என்றார் சேச்சி.

அம்மாவுக்கு மட்டும் இந்த மணி எதுவும் கிடையாது. போன ஞாயிறு எதிர்வீட்டுக் கல்யாணம், தக்காளி விலை, மாடியில் ஒழுகுகிற தொட்டி என்று நாற்பது நிமிஷம் பேசிவிட்டு, சரி வைக்கட்டுமா என்று நான் கேட்ட பிறகு, "அப்புறம்… அப்பாவுக்கு சுகர் 300 இருக்காம்" என்றாள்.