ஆறு இனம் நாலான கதை

மாதிரி மூட்டையைப் பிரித்த அன்றே நோட்டில் 'ஆறு இனங்கள்' என்று தைரியமாக எழுதிவிட்டேன். இயோசீன் காலச் (சுமார் 5.6 முதல் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய) சுண்ணாம்புக்கல். உடைத்த பக்கமெல்லாம் காசு காசாக நம்முலைட்டீஸ், அதாவது பழங்காலக் கடல் நுண்ணுயிரி ஒன்றின் கல்லான ஓடுகள். பெயரே லத்தீனில் 'சின்னக் காசு' என்பதிலிருந்து வந்ததுதான். பெரியது ஒன்று, சிறியது ஒன்று, தட்டையாக இரண்டு, நூற்கும் கதிர்போல இரு முனையும் கூம்பிய ஆல்வியோலினா என்ற வகையில் இரண்டு. கணக்கு சரி.

வெளித்தோற்றத்தை நம்பி ஏமாந்ததில் நான் முதல் ஆளில்லை. பிரமிடுகளின் அருகே பருப்பு போலச் சிதறிக் கிடந்த கல் துணுக்குகளை, வேலையாட்கள் தின்று மிஞ்சிய உணவு கல்லானது என்று சொல்வார்களாம், பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார். அவையும் நம்முலைட்டீஸ்தான் என்கிறார்கள்.

நம்முலைட்டீஸ், ஆல்வியோலினா எல்லாம் சேர்ந்த இந்த ஃபோராமினிஃபெராக்கள் ஒற்றைச் செல் உயிரிகள், ஆனால் ஓடு சில சென்டிமீட்டர்கூட வளரும். பெயர் வைக்க உள்ளே பார்க்க வேண்டும். மிருதுவான அடுக்கில் தனியாக உதிர்ந்த ஓடு என்றால் வேலை சுலபம்: இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டி, சூடேறியதும் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் 'டிக்'கென்று நடுவில் பிளக்கும். பிளந்த முகத்தில் சுருளும் அறைகளும் துல்லியமாகத் தெரியும். சில சமயம் நாலு துண்டாகச் சிதறும்; அதற்கு யாரையும் திட்ட முடியாது.

கெட்டிக் கல்லில்தான் அவஸ்தை. ஓடு வெளியே வராது, கல்லோடு சேர்த்துத்தான் தின் செக்‌ஷன் (ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்த மெல்லிய சீவல்) எடுக்க வேண்டும். ஆல்வியோலினாவுக்கு அச்சின் வழியாக, முதல் அறையின் மையத்தைத் தொட்டுப் போகும் வெட்டு வேண்டும். கண்ணாடித் தகட்டில் கார்போரண்டம் என்ற கடினமான தேய்ப்புப் பொடி போட்டுத் தேய்ப்பேன், கழுவுவேன், ஈரத்தோடு லென்ஸில் பார்ப்பேன், மறுபடி தேய்ப்பேன். 'இன்னும் ரெண்டு தேய்' என்று கை நீளும்போதுதான் முதல் அறை காணாமல் போகும். ஒரே வாரத்தில் பதினொன்றை இப்படித் தொலைத்தேன்.

நான் இரண்டாகப் பிரித்த ஆல்வியோலினா ஒன்றே என்பது இதில்தான் புரிந்தது. ஒரு கூட்டத்தில் முதல் அறை சின்னதாக இருந்ததற்குக் காரணம், வெட்டு மையத்தைத் தப்பி ஓரமாகப் போயிருந்தது. பந்தை ஓரத்தில் நறுக்கினால் வட்டம் சிறிதாகத்தானே வரும்!

அடுத்து காசுகள். பெரியதில் நெருக்கமான சுருள்கள் நிறைய, முதல் அறை வெறும் புள்ளி. சிறியதில் சுருள்கள் குறைவு, நடுவில் உருண்டையாகப் பெரிய முதல் அறை. இவை ஒரே இனத்தின் இரண்டு தலைமுறைகள்: சிறியது பாலிலா இனப்பெருக்கத்தில் வந்த 'ஏ' வடிவம், பெரியது பாலினப் பெருக்கத்தில் வந்த 'பி' வடிவம். 19-ஆம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்று படித்தபோது கொஞ்சம் ஆறுதல்.

தட்டையானவை மட்டும் உண்மையிலேயே இரண்டு. அச்சு வெட்டில் ஒன்றில் சுருள்கள் முந்தையதை மூடாமல் பக்கவாட்டில் வளர்ந்திருந்தன: அஸ்ஸிலினா. மற்றதன் நடுத்தள வெட்டில் சுருளே இல்லை, வளையம் வளையமாகச் செவ்வகச் சிற்றறைகள்: டிஸ்கோசைக்ளினா.

அப்புறம் விவரிப்பு. ஒவ்வொரு சுற்றின் ஆரம், சுற்றுக்கு எத்தனை அறைகள், முதல் அறையின் உள்விட்டம், அறைச்சுவரின் சாய்வு, விளிம்புத் தண்டின் (ஓட்டின் விளிம்பைச் சுற்றி ஓடும் தடித்த பட்டை) தடிமன் எல்லாம் அட்டவணையில் ஏறும். ஒரே ஓட்டை அளந்து எழுதினால் மதிப்பில்லை, கூட்டத்தின் வேறுபாடு தெரிய வேண்டும். அசட்டையாகவும் இருக்க முடியாது: இயோசீனையும் அதற்கு முந்தைய பேலியோசீனையும் சேர்ந்த ஆழமற்ற கடல் படிவுகளை 1998-இல் செர்ரா-கீல் என்ற ஆய்வாளரின் குழுவினர் இந்த உயிரிகளை வைத்தே 20 மண்டலங்களாகப் பிரித்தார்கள். பெயர் பிசகினால் கல்லின் வயதே பிசகும்.

நம்முலைட்டீஸுக்கு மட்டும் இன்னும் 'சி.எஃப்.' (இந்த இனத்தோடு ஒப்பிடத்தக்கது, உறுதியில்லை என்ற குறி) போட்டுத்தான் வைத்திருக்கிறேன். 'பி' வடிவத்தில் சரியான நடுத்தள வெட்டு கிடைத்தது இரண்டே இரண்டு. மூட்டையில் உடைக்காத கல் நாலு பாக்கி இருக்கிறது.