ஆட்டோவும் லாரியும் மோதிய வார்த்தை

நோய், சிகிச்சை விவரங்களைக் குறியீடாக மாற்றும் மெடிக்கல் கோடிங் வேலைக்கு நான் போன முதல் இன்டர்வியூவில், பேப்பரில் இருந்த ஒரு வார்த்தையைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். 19 எழுத்து. "ஓட்டோர்... ஹினோ... லாரி..." எண்ணூர் ஹைரோட்டில் ஆட்டோவும் கன்டெய்னர் லாரியும் முட்டிக்கொண்ட மாதிரி அங்கேயே நின்றுவிட்டேன். எதிரே இருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஓட்டோரைனோலாரிங்காலஜி (otorhinolaryngology). காது மூக்கு தொண்டை மருத்துவம், அவ்வளவுதான். எல்லாம் கிரேக்கம்: ஓட்டோ காது, ரைனோ மூக்கு, லாரிங் குரல்வளை. நான் வெட்டின இடம்தான் தப்பு. ஆர் எழுத்தை ஓட்டோவோடு ஒட்டிவிட்டேன். அது பின்னால் வரும் ஹெச்சின் ஜோடி, பிரிக்கக் கூடாது. அந்த ஹெச்சுக்குச் சத்தமும் கிடையாது. காண்டாமிருகத்தை ரைனோ என்கிறோமே, அதே மூக்கு. ரைனோசெரஸ் என்றால் மூக்குக்கொம்பன்.

அடுத்த வில்லங்கம் ஜி எழுத்து. இரண்டு தரம் வருகிறது. முதல் ஜிக்குப் பின்னால் ஓ, அதனால் 'க'. இரண்டாவதற்குப் பின்னால் ஒய், அதனால் 'ஜ'. குரல்வளை வீக்கத்தை லாரின்ஜைட்டிஸ் என்பதும் இதனால்தான். அங்கே பின்னால் நிற்பது ஐ.

பத்தாவது படிக்கும் தம்பி அலகிடுதல், அதாவது செய்யுளை அசை அசையாகப் பிரிக்கும் வீட்டுப்பாடத்தோடு உட்கார்ந்திருந்தான். "இன்னாக்கா, இத்தையும் பிரிச்சுடலாமா?" என்று பென்சிலை எடுத்தான். ஓட்டோ தேமா (நேர் நேர்), ரைனோ தேமா, லாரிங் தேமா, காலஜி கூவிளம் (நேர் நிரை). நாலு சீர், அளவடி! மாமுன் நேர் என்று சீரையும் சீரையும் இணைக்கும் ஆசிரியத்தளைகூடத் தட்டவில்லை. ஆனால் எங்கள் கணக்கில் 8 அசை, டிக்‌ஷனரியில் 9. 'லஜி' என்ற இரண்டு குறிலும் நமக்குச் சேர்ந்து ஒரே நிரை. இங்கிலீஷில் 'ல' தனி, 'ஜி' தனி. அழுத்தம் அதற்கு முன்னால் இருக்கும் 'கா'வில். பயாலஜி, சைக்காலஜி எல்லாமே அப்படித்தான், 'லஜி'க்கு முந்தின இடத்தில் குரல் ஏறும்.

மனப்பாடம் பண்ணியது வால் பக்கமிருந்து. லஜி, காலஜி, லாரிங்காலஜி, ரைனோலாரிங்காலஜி. காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மண்ணடி வரைக்கும் முணுமுணுப்பு. பக்கத்து சீட் அம்மா ஸ்லோகம் என்று நினைத்தார்களோ என்னவோ, கொஞ்சம் தள்ளி மரியாதையாக உட்கார்ந்தார்கள்.

இரண்டாவது இன்டர்வியூவில் அந்த வார்த்தை வரவே இல்லை. வடநாட்டுக்காரர் ஒருவர், எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். "கலாடி... பெட்?" எங்கள் ஊர்ப் பேரே 1717-இல் மெட்ராஸ் கவர்னராக வந்த காலெட் துரையின் பேர்தான், காலெட்பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. அதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. பேப்பரை வாங்கி, கா, ல, டிப், பேட், டை என்று கோடு போட்டுக் கொடுத்தேன். மூன்றாவது தரம் சரியாகச் சொல்லிவிட்டார்.