ஆங்கில ‘ஆல்’ எங்கே உட்காரும்?

இந்த நாட்டுக்கு வந்து வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரம். ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது, அடுத்து வருபவருக்காகக் குறிப்பு நோட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி வைத்தேன்: “ஆல் த பாக்ஸஸ் ஆர் நாட் செக்டு.” எல்லாப் பெட்டியையும் பார்க்கவில்லை, கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது. அவரோ ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, நான் சரிபார்த்து அடுக்கிய பெட்டிகளையும் பிரித்து முதலிலிருந்து எண்ணியிருக்கிறார். மறுநாள் அவர் கோபப்படவில்லை. பேனாவை எடுத்து என் வரியில் இருந்த ‘நாட்’டை அடித்துவிட்டு, அதை வரியின் தலையில் எழுதிக் காட்டினார்: “நாட் ஆல் த பாக்ஸஸ் ஆர் செக்டு.”

நான் எழுதியது இலக்கணப் பிழை இல்லை, இரண்டு பொருள் தரும் வாக்கியம். பேச்சில் குரலை ஏற்றி இறக்கிப் புரியவைத்துவிடலாம், தாளில் அதற்கு வழியில்லை.

அதற்கப்புறம் ‘ஆல்’ மாதிரிச் சொற்கள் எங்கே வருகின்றன என்று உன்னிப்பாகக் கவனிக்க ஆரம்பித்தேன். “கடிதங்களையெல்லாம் அனுப்பிவிட்டேன்” என்று ‘எல்லாம்’ என்பதை நாம் பெயருக்குப் பின்னால் வைத்துப் பழகியதால், அதே வரிசையில் “ஐ சென்ட் த லெட்டர்ஸ் ஆல்” என்று வாயில் வந்துவிடுகிறது. அது தப்பு, “ஆல் த லெட்டர்ஸ்” என்று முன்னால் வர வேண்டும். ஆனால் லெட்டர்ஸுக்குப் பதிலாகத் ‘தெம்’ போட்டால் “ஐ சென்ட் தெம் ஆல்” சரி, அங்கே “ஆல் தெம்” தப்பு, முன்னால் வைத்தே ஆக வேண்டுமென்றால் “ஆல் ஆஃப் தெம்”. இதை எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் பிரித்துச் சொன்னதில்லை.

எழுவாயோடு வந்தால் கொஞ்சம் தாராளம். “ஆல் த லெட்டர்ஸ் ஹேவ் அரைவ்டு” என்றும் சொல்லலாம், “த லெட்டர்ஸ் ஹேவ் ஆல் அரைவ்டு” என்று ‘ஹேவ்’ என்ற துணைவினைக்குப் பின்னாலும் வைக்கலாம். துணைவினை இல்லையென்றால் பெரும்பாலும் வினைக்கு முன்னால்: “தே ஆல் லெஃப்ட்.” போத் (இரண்டும்), ஈச் (ஒவ்வொன்றும்) ஆகியவையும் இப்படியே வினைப் பக்கம் நகரும். எவ்ரி (ஒவ்வொரு) மட்டும் நகராது, பெயருக்கு முன்னால்தான் நிற்கும், அந்தப் பெயரும் ஒருமையில் இருக்க வேண்டும்.

எனக்கு ரொம்ப நாள் பிடித்தது “இரண்டு பேரும் வரவில்லை” என்பதுதான். “போத் டிட் நாட் கம்” என்றுதான் மனதில் ஓடும். இங்கே அதற்கு “நெய்தர் ஆஃப் தெம் கேம்”, நெய்தருக்குள்ளேயே ‘இல்லை’ இருப்பதால் இன்னொரு ‘நாட்’ கூடாது.

குறிப்பு நோட்டில் மட்டும் இப்போது ‘ஆல்’ பக்கமே போவதில்லை. 40 பார்த்தாயிற்று, 12 பாக்கி என்று எண்ணிக்கையை எழுதிவிட்டுக் கிளம்புகிறேன்.