காத்திருந்த நொடிகளின் கணக்கு

சர்க்கரை நோய் வந்த சுண்டெலிகளின் கூண்டைச் சீட்டுப் பார்க்காமலே அடையாளம் சொல்லிவிடலாம். தண்ணீர் பாட்டில் மளமளவென்று காலியாகும், விரிப்பு சீக்கிரமே நனைந்துபோகும். அமெரிக்காவில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் இந்தக் கூண்டுகளை மாற்றுவதும், வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பதும் என் பொறுப்பு. ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற மருந்து, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்து இந்த நோயை உண்டாக்குகிறது. எலிகள் படும் பாட்டுக்கு ஈடாக உருப்படியான ஏதாவது தெரியவர வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ரெடிஷ் குழு உருவாக்கிய 'ரெஸ்டாரன்ட் ரோ' என்ற சோதனை அப்படி ஒன்றைத் தந்தது. நான்கு மூலைகளில் நான்கு உணவகங்கள்: சாக்லேட், வாழைப்பழம், திராட்சை, சுவை சேர்க்காதது. வாசலில் ஒலிக்கும் சத்தத்தின் சுருதியை வைத்தே எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்று எலி தெரிந்துகொள்ளும். உள்ளே போகலாம், போகாமல் அடுத்த கடைக்கும் நகரலாம். போன பிறகு மனம் மாறிப் பாதியில் வெளியேறவும் செய்யலாம். ஒரு மணி நேரத்துக்குள் அன்றைய சாப்பாட்டைத் தேடிக்கொள்ள வேண்டும்.

இன்னும் 10 நொடி பாக்கி என்று வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே 20 நொடி காத்திருந்த எலி, 5 நொடி மட்டும் காத்திருந்த எலியைவிட அதிகம் பொறுத்திருக்கும். இரண்டுக்கும் பாக்கி ஒரே அளவுதான், ஆனால் போன நேரம் அதைப் பிடித்து நிறுத்துகிறது. பேருந்துக்கு அரை மணி நேரம் நின்றுவிட்டு ஆட்டோ பிடிக்க மனம் வராத நம்மைப் போலத்தான். மனிதர், பெரிய எலி, சுண்டெலி மூன்றிலும் இதே போக்கு இருப்பதை 2018இல் அந்தக் குழு காட்டியது. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு: வாசலில் யோசித்து நின்ற நேரம் இந்தக் கணக்கில் சேராது. உள்ளே போய்க் காத்திருந்ததுதான் சேரும்.

நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரியில் இதே சோதனையைச் சர்க்கரை நோய் எலிகளிடம் நடத்தியபோது, கழிந்த நேரத்துக்கு மதிப்புச் சேர்க்கும் இந்தத் திறன் பழுதாகியிருந்தது தெரிந்தது. போனதை நினைக்காத எலிதானே புத்திசாலி என்று சிலர் கேட்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதே எலிகள் முடிவெடுக்கச் சிக்கலான இடத்தில் நிதானித்து யோசிக்கத் தடுமாறின. அவ்வளவாகப் பிடிக்காத சுவைகளை அளவுக்கு மீறித் தாழ்த்தி, பிடித்ததற்காகக் காத்திருப்பில் கூடுதல் விலை கொடுத்தன. இதைத் தெளிவு என்று எப்படிச் சொல்வது?

சரி, உடம்பு சோர்ந்ததால் இப்படி இருக்குமோ? சோர்வு மட்டும் என்றால் எல்லா முடிவுகளும் ஒரே மாதிரி சரிந்திருக்க வேண்டும். ஆனால் எந்த வகை முடிவு, சுற்றிலும் உணவு எவ்வளவு அரிதாக இருக்கிறது என்பதைப் பொறுத்து மாற்றம் வேறுபட்டது. அதனால் மூளையின் கணக்குப் போடும் முறையையே நோய் தொட்டிருக்கிறது என்று நம்புகிறேன். இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் அந்தக் கணக்கும் திரும்புமா என்பதை இதே எலிகளை வைத்துப் பார்த்துவிட வேண்டும். என் அடுத்த ஆசை அதுதான்.