கார்த்தேஜ் மண்ணில் இரண்டு தாய்மார்

பெலிசித்தா, பெர்பேத்துவா, ஆகத்தா, லூசியா, ஆக்னெஸ், செசிலியா, அனஸ்தாசியா. பூசையில் குரு சொல்லும் முதல் நற்கருணை மன்றாட்டில் வரும் இந்தப் பெயர்களைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். பூசைப் புத்தகத்தில் இவை அடைப்புக்குறிக்குள் இருக்கும்; நேரமில்லாதபோது விட்டுவிடலாம். எங்கள் பழைய பங்குசாமி ஒருநாளும் விட்டதில்லை. ஏழு பேரையும் நிறுத்தி நிதானமாகச் சொல்வார். முதல் இரண்டு பெயர்களும் ஒரே ஊரில், ஒரே நாளில் உயிர்விட்ட இரண்டு இளம் தாய்மாருடையவை என்று எனக்குத் தெரியவந்தது நாற்பது வயதுக்கு மேல்தான்.

மகனுக்குத் துனிசியாவில் வேலை கிடைத்ததும், "அம்மா, இங்கே உங்களுக்கு என்ன பார்க்கணும்?" என்று கேட்டான். அந்த இரு தாய்மாரும் உயிர்விட்ட கார்த்தேஜ் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 7 அவர்களுடைய திருநாள். பெரும்பாலும் தவக்காலத்தில் வந்துவிடுவதால் நம் ஊரில் அது தெரியாமலே போய்விடும். அந்த நாளிலேயே போக வேண்டும் என்று கணக்குப் பண்ணித்தான் பயணச்சீட்டு எடுத்தோம். காலையில் நானும் வீட்டுக்காரரும் மகனும் துனிஸ் நகரிலிருந்து கடலோர ரயில் ஏறினோம். ஏரியின் நடுவே போட்ட கரைமேல் ரயில் போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர். கார்த்தேஜ் ஹன்னிபால் நிலையத்தில் இறங்கி, பிர்சா குன்றைச் சுற்றிக்கொண்டு மேற்கே நடந்தால் பழைய ரோமானிய அரங்கம் வந்துவிடும். குன்றின் உச்சியில் 1890-இல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய பெரிய கோயில் நிற்கிறது. இப்போது அங்கே பூசை இல்லை; பின்னாளில் அது கச்சேரி அரங்கமாகிவிட்டது. அதை வெளியே நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டோம்.

அரங்கம் என்றதும் ரோமாபுரியின் கொலோசியம் மாதிரி எதையோ எதிர்பார்த்திருந்தேன். இங்கே அப்படி எதுவும் மிச்சமில்லை. 30,000 பேர்வரை உட்கார்ந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அந்தப் படிவரிசைகளின் கல்லையெல்லாம் பல நூற்றாண்டுகளாக ஊர்க்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போய் வீடு கட்டிவிட்டார்கள். முட்டை வடிவத்தில் ஒரு பள்ளம், சுற்றிலும் இடுப்பளவு சுவர்கள், மரங்கள், அவ்வளவுதான். நடுவே தரைக்குக் கீழே மிருகங்களையும் கைதிகளையும் அடைத்து வைத்திருந்த சுரங்கப் பாதை. அதில்தான் வெள்ளைக் குருக்கள் என்று அழைக்கப்படும் துறவியர் 1903-இல், அந்த இரு தாய்மார் உயிர்விட்டதன் ஆயிரத்து எழுநூறாவது ஆண்டு நினைவாக, சிறிய ஆலயம் ஒன்றை அமைத்தார்கள். பக்கத்தில் அவர்கள் நாட்டிய ஒற்றைத் தூண் நிற்கிறது. 1996 ஏப்ரலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இந்த இடத்துக்கு வந்து போயிருக்கிறார்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். இந்த இரு தாய்மாரின் வரலாற்றைச் சொல்லும் பழைய ஏட்டில், கி.பி. 203-இல் அவர்கள் கொல்லப்பட்டது படைவீரர்களுக்கான விளையாட்டு விழாவில் என்று இருக்கிறது. அதனால் அது வேறொரு படைமுகாம் அரங்கமாக இருக்கலாம் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. இருக்கட்டும். இந்த ஊர்க் காற்றில்தான் அவர்கள் மூச்சு கலந்தது. எனக்கு அது போதும்.

சுவரோரமாக உட்கார்ந்தோம். காலடியில் மஞ்சள் காட்டுப்பூக்கள். கையோடு கொண்டுபோயிருந்த தாள்களை எடுத்தேன். பெர்பேத்துவா சிறையில் தன் கையாலேயே எழுதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் எழுதி வைத்திருந்தேன். ஆதித் திருச்சபையில் ஒரு பெண் எழுதி நம் கைவரை வந்து சேர்ந்தவற்றில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சிகளைப் பற்றி மற்றவர்கள் எழுதியது எவ்வளவோ இருக்கிறது. மறைசாட்சியே உட்கார்ந்து எழுதியது அபூர்வம்.

அவளுக்கு வயது இருபத்திரண்டு இருக்கும். நல்ல குடும்பம், படித்தவள், கையில் பால்குடிக் குழந்தை. கணவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவளும், அடிமைப்பெண் பெலிசித்தாவும், ரெவொக்காத்து, சத்துர்னினு, செக்குந்துலு என்ற மூன்று ஆண்களும் பிடிபட்டபோது யாருக்கும் இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. காவலில் இருக்கும்போதுதான் பெற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த சத்தூரு அப்போது கூட இல்லை. பிறகு தானாக வந்து சரணடைந்தார். செக்குந்துலு சிறையிலேயே இறந்துவிட்டார்.

முதலில் அப்பா வருகிறார். இந்த விசுவாசத்தை விட்டுவிடு மகளே என்று கெஞ்சுகிறார். அவள் பக்கத்தில் இருந்த ஒரு பாத்திரத்தைக் காட்டுகிறாள். "அப்பா, இது செம்புதானே? இதை வேறு பெயர் சொல்லி அழைக்க முடியுமா?" முடியாது என்கிறார். "அதுபோலத்தான். நான் கிறிஸ்தவள். வேறு பெயர் எனக்குச் சொல்ல முடியாது."

இந்த இடம்வரை எல்லோருக்கும் தெரியும், மறையுரைகளிலும் சொல்வார்கள். அடுத்த தடவை அப்பா வருவதுதான் என்னை உலுக்கியது. அவள் கைகளை முத்தமிட்டு, காலில் விழுகிறார். மகளே என்று கூப்பிடாமல் "அம்மணி" என்று கூப்பிடுகிறார். நம் வீடுகளில் பெற்ற தகப்பன் மகள் காலில் விழுந்தால் அந்த மகள் என்ன ஆவாள்? விசாரணை மேடைக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஆளுநர் ஹிலாரியானு, "தகப்பனின் நரைத்த தலையைப் பார், பிள்ளையின் வயதைப் பார்" என்கிறான். அவள் மறுக்கிறாள். அப்பாவைக் கீழே தள்ளிப் பிரம்பால் அடிக்கிறார்கள். அந்த அடி தன்மேல் விழுந்ததுபோல் வலித்தது என்று எழுதியிருக்கிறாள். விசுவாசத்தில் உறுதியானவளுக்குக் கல்நெஞ்சு என்று யாராவது நினைத்தால் இந்த ஒரு வரியைப் படிக்க வேண்டும்.

அப்புறம் பால். சிறையில் முதல் நாட்களில் இருட்டு, புழுக்கம், கூட்டம். குழந்தையை நினைத்துத்தான் அவளுக்கு வேதனை. தெர்சியு, பொம்போனியு என்ற இரண்டு திருத்தொண்டர்கள் காவலர்களுக்குப் பணம் கொடுத்து, சில மணி நேரமாவது சிறையின் நல்ல பகுதிக்கு மாற்ற ஏற்பாடு செய்கிறார்கள். பசியில் சோர்ந்துபோன பிள்ளைக்கு அங்கே உட்கார்ந்து பால் கொடுக்கிறாள். பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும், சிறையே தனக்கு அரண்மனை ஆகிவிட்டது என்கிறாள். தீர்ப்புக்குப் பிறகு பிள்ளையைக் கேட்டு அனுப்புகிறாள், அப்பா தர மறுத்துவிடுகிறார். அன்றோடு பிள்ளை பால் தேடவில்லை, எனக்கும் மார்பு கட்டி வலிக்கவில்லை, எல்லாம் கடவுள் செயல் என்று எழுதுகிறாள்.

பால் கட்டிக்கொண்டால் எப்படி வலிக்கும் என்று பெற்றவளுக்குத்தான் தெரியும். இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இதே மகனை ஆறு மாதக் குழந்தையாக அம்மாவிடம் விட்டுவிட்டு வெளியூர் வேலைக்குத் திரும்பினேன். முதல் வாரம் காய்ச்சலே வந்துவிட்டது. அம்மா வந்து பார்த்து மல்லிகைப்பூவை வைத்துக் கட்டிவிட்டாள். ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னால் சாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த ஒருத்தி, கடவுள் தனக்குச் செய்த நன்மைகளில் இதையும் ஒன்றாகக் குறித்து வைத்திருக்கிறாள். இந்த வரியை வாசிக்கும்போது என் குரல் நின்றுவிட்டது. மகன் தாளை வாங்கி மீதியை வாசித்தான்.

அவள் கண்ட காட்சி. வானம்வரை போகும் வெண்கல ஏணி, இரு பக்கமும் வாள்களும் ஈட்டிகளும் கொக்கிகளும். அடியில் ஒரு பெரிய பாம்பு. அதன் தலையை முதல் படியாக மிதித்து ஏறுகிறாள். மேலே பரந்த தோட்டம். நரைத்த தலையுடன், ஆடு மேய்க்கும் ஆயர் உடையில் ஒருவர் பால் கறந்துகொண்டிருக்கிறார். "வந்தாயா மகளே" என்று வரவேற்று, பாலிலிருந்து எடுத்த கட்டியில் ஒரு துண்டு கொடுக்கிறார். இரண்டு கைகளையும் சேர்த்து வாங்கிச் சாப்பிடுகிறாள். சுற்றி நின்றவர்கள் ஆமென் என்கிறார்கள். அந்தச் சத்தத்தில் விழித்தபோதும் வாயில் இனிப்பு இருந்ததாம்.

பெலிசித்தாவுக்கு எட்டு மாதம். கர்ப்பிணிகளைக் கொல்லச் சட்டம் இடம் கொடுக்காது. தன்னைத் தனியாக விட்டுவிட்டு மற்றவர்கள் போய்விடுவார்களே என்பது அவள் கவலை. எல்லோரும் சேர்ந்து செபித்தார்கள். உடனே வலி எடுத்தது. அவள் துடிப்பதைப் பார்த்த காவலன், "இதற்கே கத்துகிறாயே, மிருகங்கள் முன்னால் என்ன செய்வாய்?" என்று கேட்டான். "இப்போது படுவதை நான் படுகிறேன். அங்கே எனக்குள் இன்னொருவர் இருப்பார். அவருக்காக நான் பாடுபடப் போவதால் அவர் எனக்காகப் பாடுபடுவார்" என்றாள். பெண் குழந்தை பிறந்தது. சபைச் சகோதரி ஒருத்தி அதை மகளாக வளர்த்தாள்.

பெர்பேத்துவாவின் எழுத்து விளையாட்டுக்கு முந்தின நாளோடு முடிகிறது. அங்கே என்ன நடந்தது என்பதை விரும்புகிறவர்கள் எழுதட்டும் என்று விட்டுவிடுகிறாள். மீதியை எழுதியது கண்ணால் பார்த்த இன்னொருவர்.

ரோமப் பேரரசன் செவேருவின் இளைய மகன் கெத்தாவின் பிறந்தநாள் விழா அது. பெர்பேத்துவா சங்கீதம் பாடிக்கொண்டே உள்ளே வந்தாள். கோயில் பூசாரிணி உடையை மாட்டச் சொன்னபோது முடியாது என்று நின்று, அதிகாரியையே இறங்கிவரச் செய்தாள். இரு பெண்களையும் வலையைச் சுற்றிக் கொண்டுவந்தபோது, ஒருத்தி இளம்பெண், இன்னொருத்தி பிள்ளை பெற்ற உடம்போடு பால் சொட்ட நிற்பவள் என்று பார்த்துக் கூட்டமே பதறிவிட்டது. திரும்ப அழைத்துப்போய் உடை கொடுத்துக் கொண்டுவந்தார்கள். வெறிகொண்ட பசு ஒன்று பெர்பேத்துவாவை முட்டித் தூக்கி எறிந்தது. எழுந்து உட்கார்ந்தவள் கிழிந்த உடையைத் தொடைமேல் இழுத்து மூடினாள். பிறகு கொண்டை ஊசியைக் கேட்டு வாங்கி, அவிழ்ந்த முடியைக் கட்டினாள். அவிழ்ந்த கூந்தல் துக்கத்தின் அடையாளம். தன் மகிமையின் நாளில் அழுகிறவள்போல் தெரியக் கூடாதாம். இழவு வீட்டுத் தலைவிரி கோலம் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்புறம் போய், கீழே கிடந்த பெலிசித்தாவுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். நல்ல குடும்பத்துப் பெண்ணும் அடிமைப்பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

சத்தூருவைச் சிறுத்தை கடித்தது. மனம் மாறியிருந்த புதேன்சு என்ற படைவீரனிடம் அவன் மோதிரத்தைக் கேட்டு வாங்கி, தன் காயத்தில் தோய்த்துத் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் எல்லோரும் சமாதான முத்தம் கொடுத்துக்கொண்டு வாளுக்கு நின்றார்கள். பெர்பேத்துவாவை வெட்ட வந்தவன் புதியவன். முதல் வெட்டு எலும்பில் பட்டது. அவள் அலறினாள். பிறகு அவனுடைய நடுங்கும் கையைப் பிடித்துத் தன் கழுத்தில் தானே வைத்துக்கொண்டாள்.

வாசித்து முடித்ததும் யாரும் பேசவில்லை. ஆயர் முகத்தைக் கனவில் கண்டவள் என்பதால், "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்று திருப்பாடலைத் தொடங்கினேன். மூவரும் சேர்ந்து சொன்னோம். வீட்டுக்காரர் கொண்டுவந்த மெழுகுதிரி காற்றில் நிற்கவில்லை. சுவர் மறைவில் வைத்து, கையால் மறைத்து, அது எரியும்வரை உட்கார்ந்திருந்தோம்.

இருநூறு ஆண்டுகள் கழித்துப் புனித அகுஸ்தீன் இவர்கள் திருநாளில் மறையுரை ஆற்றியிருக்கிறார். அன்று கோயிலில் இவர்கள் வரலாறு வாசிக்கப்பட்டதையும், இரண்டு பெயர்களையும் சேர்த்தால் முடிவில்லாத பேரின்பம் என்று பொருள் வருவதையும் சொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை துனிஸ் பேராலயத்தில் பிரெஞ்சுப் பூசை. பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள். எனக்கு மொழி புரியவில்லை. ஆனால் மன்றாட்டின் நடுவில் குரு பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். பெலிசித்தே, பெர்பேத்து. மகன் திரும்பி என்னைப் பார்த்தான். அவர் ஏழு பெயரையும் விடாமல் சொன்னார்.