ஆம்பூர் எந்த ஊர்?

அன்று வெள்ளிக்கிழமை. கேஸ் கட்டுகளை பீரோவில் அடுக்கி முடித்ததும் சீனியர் அறையில் என் கதையை வாசித்துக் காட்டினேன். வேலூரில் வக்கீல் குமாஸ்தாவாக 22 வருஷம் ஓட்டியவன் நான். கோர்ட்டைப் பற்றிக் கேலிக் கதை எழுதுவது பழைய ஆசை.

கதை இதுதான். ஒருவர் ஜாமீன் நிற்பதையே தொழிலாக வைத்திருக்கிறார். ஒரு வீட்டு வரி ரசீது, ஒரு வெள்ளை வேட்டி, அவ்வளவுதான் முதலீடு. யாருக்கு வேண்டுமானாலும் சித்தப்பா, யாருக்கு வேண்டுமானாலும் தாய்மாமன். ஒருநாள் அவரையே போலீஸ் பிடித்துப் போகிறது. ஊரில் ஜாமீன் நிற்க இருந்த ஒரே ஆள் அவர்தான் என்பதால் அவருக்கு நிற்க யாருமில்லை. சீனியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். ஜூனியர்கள் மறுபடி வாசிக்கச் சொன்னார்கள்.

வாசல் பெஞ்சில் குடியாத்தத்து அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. வீட்டில் பீடி சுற்றுகிறவர். தொரப்பாடி ஜெயிலில் மனு போட்டு மகனைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தார். சிரிப்பு அடங்கியதும் கதவருகே வந்து நின்று கேட்டார்:

"அண்ணா, அந்த ஆளு எவ்ளோ வாங்குவாரு? எங்க இருக்காரு?"

அது கதை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் மகனுக்கு அப்போது 21 வயது. தோல் கம்பெனியில் தினக்கூலி. டூ வீலர் திருட்டு கேஸ். பெயில் கிடைத்து 11 நாள் ஆகியும் பையன் உள்ளேதான் இருந்தான். இரு நபர் ஜாமீன், தலா 10,000, அதில் ஒருவர் ரத்த சொந்தம் என்பது நிபந்தனை. இந்த அம்மாவின் அண்ணனுக்கு ஆம்பூரில் சொந்த வீடு. வரி ரசீது, ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. சான்று எல்லாம் எடுத்துக்கொண்டு கூலி வேலையை விட்டு வந்து நின்றார் மனிதர். கோர்ட்டில் கேட்ட முதல் கேள்வி, "வேற ஜில்லாவா?"

"ஆம்பூரு வேற ஜில்லாவா? எப்பலேர்ந்துண்ணா?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் பக்கம் போனது. குடியாத்தம் வேலூரிலேயே நின்றது. பெண் கொடுத்து பெண் எடுத்து, ஒரே சந்தைக்குப் போய் வந்த இரண்டு ஊர்கள். கோடு ஒன்று விழுந்ததில் தாய்மாமன் வெளியூர்க்காரர் ஆகிவிட்டார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சீனியர் அடிக்கடி சொல்லும் மோத்தி ராம் வழக்கு நினைவுக்கு வந்தது. 1978-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன வழக்கு. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். ஜாமீன் நிற்க வந்த அவருடைய சகோதரரின் சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பை எழுதிய கிருஷ்ணய்யர், ஒரு தமிழனை பஹல்காமிலோ சாந்தினி சௌக்கிலோ போர்ட் பிளேரிலோ பிடித்தால் அங்கே நிலம் வைத்திருக்கும் ஜாமீன்தாரருக்கு அவன் எங்கே போவான் என்று கேட்டார். அங்கதம் என்றால் அது. சிரிப்பு வருகிறது. ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில் குழப்பமே இல்லை.

என் கதையில் அது குழம்பியிருந்தது. வாடகை ஜாமீன்தாரரைப் பார்த்துச் சிரிக்க வைத்திருந்தேன். அவரைத் தேடி ஓட வேண்டிய நிலைக்கு ஒரு தாயைத் தள்ளியது எது என்று கதையில் ஒரு வரி கூட இல்லை. கோர்ட் கதை எழுதுகிற பலரும் வழுக்குகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். தூங்குகிற ஜட்ஜ், வாய்தா வாங்குகிற வக்கீல், மூன்று தரம் கத்துகிற டவாலி என்று எழுதுவது சுலபம். நல்ல ஜட்ஜும் நல்ல வக்கீலும் இருக்கிற கோர்ட்டிலேயே ஒரு பையன் 11 நாள் அதிகமாக உள்ளே கிடக்கிறான். அதை எழுதுவதுதான் கடினம்.

மாயூரத்தில் முன்சீப் கோர்ட் நீதிபதியாக இருந்த வேதநாயகம் பிள்ளைக்கு இது தெரிந்திருந்தது. 1879-ல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம் நாவலில், தமிழ் பேசும் ஜனங்களின் வழக்கில் தமிழ் வக்கீல்கள் இங்கிலீஷில் வாதாடுவதை அவர் எள்ளி நகையாடினார். தன் கேஸில் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் கூண்டில் நிற்கிறவனை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த மனிதர் அவர். அவர் கேலியில் அந்த வலி தெரியும்.

திங்கட்கிழமை காலை அந்த அம்மாவை இலவச சட்ட உதவி மையத்துக்குக் கூட்டிப் போனேன். உள்ளூர் ஜாமீன்தான் வேண்டும் என்று வற்புறுத்துவதால் விடுதலை தாமதமாகிறது, அந்த நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்று 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. பெயில் கிடைத்து ஒரு மாதத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாதவர்களுக்கு நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே தானாகப் பார்க்கலாம் என்றும் அதில் இருக்கிறது. அங்கிருந்த இளம் வக்கீலம்மா இதையெல்லாம் எடுத்துக்காட்டி மனு போட்டார். நானே டைப் அடித்தேன். 2024 ஜூலைக்குப் பிறகு பெயில் மனுவில் சட்டப்பிரிவு 437 என்று அடித்துப் பழகிய விரல் 480 என்று அடிக்கிறது. சட்டத்தின் பெயரும் நம்பரும் மாறிவிட்டன. பிளாஸ்டிக் கவரில் வீட்டு வரி ரசீதோடு நிற்கிற கூட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆம்பூர் அண்ணன் ஒருவரே போதும் என்று உத்தரவானது. அசல் ரசீதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பெயில் கிடைத்து 19-ஆம் நாள் பையன் வெளியே வந்தான்.

கதையை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது வாடகை ஜாமீன்தாரர் கதையின் ஓரத்தில் நிற்கிறார். நடுவில் ஒரு பெஞ்ச், அதில் ஒரு அம்மா. போன வாரம் அவர் ஆபீஸுக்கு வந்தபோது முதல் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "அந்தப் பொம்பள சாப்ட்டாளான்னு எழுதலயேண்ணா" என்றார். பேனாவை எடுத்து அந்த வரியை அங்கேயே சேர்த்தேன்.