அப்பாவின் மீட்டரும் என் வால்வு ஆம்ப்ளிஃபயரும்

பழைய ரேடியோக்களில் சூடாகி ஒளிரும் கண்ணாடிக் குழாய் இருக்குமே, ஒலியைப் பெருக்குவது, அப்பா அதை வால்வு என்றுதான் சொல்வார். கோலாலம்பூரில் செந்தூல் ரயில்வே பட்டறையில் முப்பது வருடம் மின்வேலை பார்த்தவர். அவர் பிள்ளையாக இருந்தபோது லைன் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்ததாம். சுவிட்சைப் போட்டால் அரை நிமிடம் சத்தமே வராது, அப்புறம் மெல்ல மெல்லக் குரல் எழும்பி வருமாம். அந்த அரை நிமிடத்தைப் பற்றி அவர் சொல்லிச் சொல்லி, எனக்கே அந்த ரேடியோவைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

போன வருடம் என் பழைய ஸ்டீரியோ கெட்டுப்போனது. அடுத்து வாங்குவது வால்வு ஆம்ப்ளிஃபயர்தான், ஆனால் ஆயிரம் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டக் கூடாது என்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்ஆர்டி ரயில் பிடித்து, மஸ்ஜிட் ஜாமெக்கில் மாறி, தாமான் ஜெயாவில் இறங்கி அம்கோர்ப் மாலுக்குப் போனேன். வாரக்கடைசியில் அங்கே பழைய சாமான் சந்தை கூடும், இசைத்தட்டுக் கடைகளும் இருக்கின்றன. ஒரு கடையில் பெரிய இஎல்34 வால்வு நான்கு வைத்த ஆம்ப்ளிஃபயரில் வீணை ஓடிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் நின்று கேட்டேன். விலை என் கணக்குக்கு எட்டவில்லை.

ஆயிரத்துக்குள் கிடைப்பது சீனாவில் செய்யும் சின்ன சிங்கிள் எண்டட் வகைதான். இடது பக்கத்துக்கு ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று, முன்னால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு சின்ன வால்வு. அவ்வளவுதான். நான் வாங்கியதில் பவர் வால்வு இஎல்84, முன்னால் இருப்பது 12ஏஎக்ஸ்7. தபால் செலவோடு 820 வெள்ளி. இஎல்84 பிலிப்ஸ் 1953இல் கொண்டுவந்தது. ரேடியோவும் இசைத்தட்டு ஓட்டியும் ஒரே பெட்டியில் இருந்த அந்தக் காலத்து ரேடியோகிராம்களில் நிறைய இருந்த வால்வு, இன்றும் ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் புதிதாகச் செய்கிறார்கள். மாற்று வால்வு கிடைக்குமா என்ற கவலை இதில் இல்லை. மலிவாக வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

பெட்டி வந்த அன்றைக்கே பாட்டுப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் மூடியில் கை வைக்க முடியவில்லை. வால்வு சுடுவது இயல்பு. இந்த வகையில் பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே அளவு மின்சாரம்தான் போய்க்கொண்டிருக்கும், அது பெரும்பாலும் வெப்பமாகத்தான் வெளியே வரும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் அப்படிக் கொதிக்கக் கூடாது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பின்னால என்னம்மா எழுதியிருக்கு, படி" என்றார். 220 வோல்ட் என்று இருந்தது. விற்றவரிடம் நான் கேட்டபோது மலேசியாவுக்குச் சரியாக இருக்கும் என்றுதான் சொல்லியிருந்தார்.

அப்பா தன் மீட்டரை எடுத்துவந்து சுவர்ப் பிளக்கை அளந்தார். 242. அடுத்து ஒரு கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, மற்றக் கையால் மட்டும் வால்வின் ஹீட்டரை, அதாவது உள்ளே சூடேறும் கம்பியை, அளந்தார். பட்டறையில் கற்ற பழக்கம் அது. இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். இந்த ஆம்ப்ளிஃபயருக்குள் 300 வோல்ட் அளவுக்கு இருக்கிறது, அணைத்த பிறகும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் தங்கும். பழக்கம் இல்லாதவர்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

ஹீட்டருக்கு 6.3 வோல்ட் இருக்க வேண்டும். மீட்டர் 6.9 காட்டியது. ஏறக்குறைய பத்து சதவீதம் கூட. உள்ளே இருக்கும் உயர் வோல்டேஜும் அதே கணக்கில் ஏறியிருக்கும். இப்படியே விட்டால் வால்வு சீக்கிரம் தேய்ந்துவிடும், டிரான்ஸ்ஃபார்மரும் பாடுபடும். திருப்பி அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். "எதுக்கு? ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் போதும்" என்றார் அப்பா.

மறுநாள் இருவரும் செந்தூலிலிருந்து புடுவுக்குப் போய், அங்கிருந்து ஜாலான் பசாருக்கு நடந்தோம். எலெக்ட்ரானிக் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. அப்பாவுக்கு அங்கே எந்தக் கடையில் எந்த டிராயரில் என்ன இருக்கும் என்பது வரைக்கும் தெரியும். தௌக்கேயிடம் (கடை முதலாளி) மலாயில் பேசி, 18 வோல்ட் ஒரு ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, ஃபியூஸ், பூமி இணைப்போடு உள்ள சாக்கெட், எல்லாவற்றையும் வைக்க ஓர் இரும்புப் பெட்டி என்று வாங்கினார். மொத்தம் எழுபது வெள்ளிகூட ஆகவில்லை.

வேலை இதுதான்: அந்த டிரான்ஸ்ஃபார்மரின் 18 வோல்ட் கம்பிச் சுற்றை மெயின்ஸ் (வீட்டு மின்சாரம்) ஒயரோடு தொடராக, எதிர்த் திசையில் இணைக்க வேண்டும். அது மெயின்ஸிலிருந்து கழிந்துவிடும். ஆம்ப்ளிஃபயர் இழுப்பது கால் ஆம்பியர் அளவுதான், அதனால் இவ்வளவு சின்ன டிரான்ஸ்ஃபார்மரே தாங்குகிறது. திசை மாறிப்போனால் கழிவதற்குப் பதில் கூடிவிடும். அதனால் அப்பா முதலில் ஆம்ப்ளிஃபயரைச் செருகவில்லை, ஒரு குண்டு பல்பை மாட்டிப் பார்த்தார். மீட்டரில் 261. பிளக்கைக் கழற்றி, இரண்டு ஒயரை இடம் மாற்றினார். 223. சுமை குறைவு என்பதால் 18 வோல்ட் 19 ஆக வந்தது. அதன் பிறகுதான் ஆம்ப்ளிஃபயர். ஹீட்டர் 6.4. இரண்டு மணி நேரம் ஓடிய பிறகும் மூடியில் கையை வைத்து எடுக்காமல் இருக்க முடிந்தது.

சூடு சரியானது, சத்தம்தான் போதவில்லை. என் சின்ன அலமாரி ஸ்பீக்கர் 85 டெசிபெல், அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அது எழுப்பும் சத்தம். அதில் இந்த நான்கு, ஐந்து வாட் திணறியது. மேளம் விழும் இடத்தில் குரல் நசுங்கியது. அப்பாவின் அறையில் துணி மூடிக் கிடந்த பழைய மரப்பெட்டி ஸ்பீக்கரை இழுத்துவந்தோம். அது 91. ஆறு டெசிபெல் என்றால் நான்கு மடங்கு வாட்டுக்குச் சமம். என் ஸ்பீக்கருக்கு நான்கு வாட் கொடுத்து எடுத்த சத்தத்தை இது ஒரு வாட்டில் கொடுத்துவிடும். ஆம்ப்ளிஃபயருக்கு இன்னும் முந்நூறு வெள்ளி கூடப் போடுவதைவிட, இருக்கிற காசில் நல்ல ஸ்பீக்கர் தேடுவது மேல் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஒன்று மட்டும் கவனம்: ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு வால்வு ஆம்ப்ளிஃபயரை ஓட்டவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

நாதஸ்வரம் போட்டோம். இந்த வகை ஆம்ப்ளிஃபயர் மூலத்தோடு கொஞ்சம் தன்னுடையதையும் சேர்க்கும், அதில் பெரும்பங்கு இரண்டாம் ஹார்மோனிக். அதாவது, சட்ஜம் ஒலித்தால் கூடவே மேல் ஸ்தாயி சட்ஜம் மெலிதாகச் சேரும். சுருதி விலகாது, தடிமன் கூடும். அளவுகோலில் அது குறைதான். எனக்கு அந்தக் குறை வேண்டியிருக்கிறது.

அப்பா எழுந்து போய், அந்த இரும்புப் பெட்டியின் மேல் வெள்ளை டேப் ஒட்டி, பட்டறை எழுத்தில் "242 - 19. கழற்றாதே" என்று எழுதினார். அப்புறம் ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். ஆறும் வரை காத்திருந்துவிட்டு மறுபடி போட்டார். நாங்கள் இருவரும் அந்த அரை நிமிடம் பேசவில்லை.